லயத்துக்காரன் பார்த்த யாழ்ப்பாணக் கல்லூரிக்காரர்கள்

"மலாயாவுக்குப் பிழைக்கப் போன யாழ்ப்பாணக் கல்லூரிப் பழைய மாணவர்களை அங்கே இன்னும் யாராவது நினைக்கிறார்களா? அவர்கள் விட்டுச் சென்றது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நினைக்கிறோம். ஆனால் அவர்கள் வீட்டார் நினைக்கிற விதம் வேறு, நாங்கள் நினைக்கிற விதம் வேறு. நான் இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா பால் வெட்டியவர். அந்தக் கல்லூரி இருக்கும் வட்டுக்கோட்டையில் படித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இருவர் இருந்தார்கள்: ஒருவர் பெரிய கிராணி, அதாவது ஆபீஸின் தலைமை எழுத்தர்; இன்னொருவர் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், நோயாளிகளைப் பார்க்கிறவர். பெயர் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்; நான் எழுதப்போவது எல்லாமே அவர்களுக்கு இனிக்காது.

கல்லூரியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். 1855-இல் மிஷனே அதை மூடிவிட்டது. ஆங்கிலம் கற்ற பையன்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் குறை. ஊரார் விடவில்லை, 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அப்புறம் மலாயாவில் தண்டவாளம் போட்டார்கள், ரப்பர் நட்டார்கள், ஆங்கிலத்தில் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. பையன்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மிஷன் எதற்குப் பயந்ததோ அது கடல் தாண்டியும் நடந்தது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. அந்தப் பயம் பலித்ததால்தான் என் அப்பாவுக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, கிடைத்தது.

இன்னொன்று. அங்கே படித்த எல்லோரும் கிறிஸ்தவர்கள் ஆகிவிடவில்லை. எங்கள் பெரிய கிராணி பட்டை பட்டையாக விபூதி பூசுகிற சைவர். வேதாகம வசனமும் மனப்பாடமாகச் சொல்வார். டிரஸ்ஸர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் லயத்துக்காரர்களின் இருமலும் பேதியும்தான் அவர் பாடு.

கிராணியைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது பொய். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு; செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அவர் பேனா போகிற போக்கில்தான் எங்கள் சோறு இருந்தது. கொஞ்சம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஸ்டோரில் அவர் எழுதிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. "அவன் பேனாவுக்குக் கண்ணே இல்லடா" என்று என் அத்தை சாகும்வரை சொன்னார். அவர் குவார்ட்டர்ஸில் நாங்கள் வராந்தாவைத் தாண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் எங்களுக்கென்று ஒரு தனி டம்ளர். அவர் பிள்ளைகள் டவுனில் இங்கிலீஷ் ஸ்கூல், நாங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்றவர், சாய்ந்தது பெரும்பாலும் துரை பக்கம்.

மறுபக்கம் சாயங்காலம் ஆபீஸ் மூடிய பிறகு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் வந்தது. அந்த வருடமே அடையாள அட்டையும் வந்தது. அதுவரை தோட்டத்து ஆளுக்குக் காகிதம் என்றால் சம்பளச் சீட்டு மட்டும்தான். அன்றிலிருந்து காகிதம் உயிர் நாடி ஆயிற்று. 1957-இல் சுதந்திரம் கிடைத்தும் குடியுரிமைக்கு எழுதிப் போடாமல் இருந்தவர்கள் ஏராளம்: எழுத்து தெரியாது, சம்பளத்தை விட்டு டவுனுக்கு அலைய முடியாது, எதற்கு என்றும் யாரும் சொல்லவில்லை. 1968-இல் குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் 60,000 பேர் அளவில் என்பார்கள். எங்கள் லயத்திலேயே வீடுகள் காலியாயின. கோழியையும் ஆட்டையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, பார்த்தேயிராத ஊருக்குக் கப்பல் ஏறினார்கள்.

அப்பா போகவில்லை. காரணம் அந்த இருவர். அப்பா மலாயாவிலேயே பிறந்தவர்; பிறப்புப் பத்திரம் கிடையாது. கிராணி வராந்தாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து வரிசையாக ஆட்களை உட்காரவைத்து குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பினார். யாழ்ப்பாணப் பேச்சு மாறவேயில்லை. அப்பா கண் கலங்கினால், "அழாதையும். உம்மடை அப்பர் எந்தத் தோட்டத்திலை இருந்தவர்? அதைச் சொல்லும்" என்பார். டிரஸ்ஸர் பழைய ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகங்களைத் தூசி தட்டித் தேடினார். முனியம்மா மகன், ஆண், இன்ன தேதி என்று ஒரு வரி அகப்பட்டது. கிராணி அதைப் பிரதி எடுத்து, துரையிடம் கையெழுத்து வாங்கி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இணைத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. சிலரிடம் வாங்கினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. என் அப்பாவிடம் வாங்கவில்லை.

கிராணியின் மனைவியான கிராணி அம்மாவையும் விடக்கூடாது. அவர் உடுவில் மகளிர் பள்ளியில் படித்தவர். அதுவும் அமெரிக்க மிஷன் 1824-இல் தொடங்கியதுதான். மத்தியானம் லயத்துப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தையல் சொல்லிக்கொடுத்தார், கூடவே எழுத்தும். மேலே சொன்ன அதே அத்தை கடிதம் எழுதப் படித்தது இவரிடம். கணவரைத் திட்டிக்கொண்டே மனைவியைக் கும்பிட்டவர் என் அத்தை.

இப்போது உங்கள் கேள்விக்கே திரும்பி வருகிறேன். பழைய மாணவர் மலர்களில் இவர்களைப் பற்றி வருகிற இரங்கல் குறிப்புகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பிறந்த ஊர், படித்த ஆண்டு, மலாயாவில் இன்ன பதவி, ஓய்வு, பிள்ளைகள் டாக்டர், என்ஜினியர். அவ்வளவுதான். முப்பது வருடம் மலாயாவில் வாழ்ந்தவருக்கு அந்த நாட்டைப் பற்றி ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் அவர் 'மலாயன் பென்ஷனியர்', கல் வீடு கட்டியவர். இங்கே அவரால் ஐசி கிடைத்தவனும் உண்டு, அரை நாள் சம்பளம் போனவனும் உண்டு. அந்தக் குறிப்புகளில் இரண்டு பேருமே இல்லை. இத்தனைக்கும் அது வாழ்க்கை வரலாறு எழுதிப் பழகிய கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-லேயே 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து வெளியிட்டார். புலவருக்குக் கிடைத்தது கிராணிக்குக் கிடைக்கவில்லை.

என் கருத்து, குடும்பமும் கல்லூரியும் மட்டும் எழுதினால் அந்தக் குறிப்பு எப்போதும் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி எங்களிடம் இருக்கிறது, அது வேகமாகக் கரைகிறது. பெரட்டுக் களத்தில் நின்ற கடைசித் தலைமுறைக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். எங்கள் தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். எரித்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார்.

ஆகவே பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தாத்தாவின் பெட்டியில் செக்ரோல் நோட்டு, கடித நகல், தோட்டத்துப் படம் ஏதும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். படத்தில் துரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருப்பவர் உங்கள் தாத்தா. பின்னால் நிற்கிறவர்களின் பெயர் எங்களில் சிலருக்குத் தெரியும். நேரிலும் வரலாம். வருவதானால் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். கோயிலை மட்டும் இன்னும் இடிக்கவில்லை. ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிப்போன பழைய ஆட்கள் அன்றைக்கு ஒன்றாகக் கிடைப்பார்கள். "எங்க தாத்தா இங்க பெரிய கிராணியா இருந்தார்" என்று சொன்னால் போதும், அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வருவது வசவாக இருக்கலாம். எழுந்து போய்விடாமல் சாப்பாடு முடிகிறவரை இருங்கள், பாரம் நிரப்பிய கதை அதற்குப் பிறகுதான் வரும்.