சீனாவின் சியான் நகரத்தில் ஒன்றரை நாள்தான் இருக்கிறது. டெரகோட்டா வீரர்களை (முதல் பேரரசரின் சமாதியருகே புதைத்த சுடுமண் சிலைகள்) மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. அதற்காக டெரகோட்டாவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதையே முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் அதைச் சொல்கிறேன். நீங்கள் விமானத்தில் வந்து, மறுநாள் சாயங்காலம் விமானத்திலேயே கிளம்புகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீரர்கள் இருக்கும் இடம் சியான் நகரத்துக்குள் இல்லை. கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, லின்டோங்கில். மெட்ரோ 1-ஆம் பாதையில் கிழக்குக் கடைசி நிலையமான ஃபாங்ஜிசெங் வரை போய், 9-ஆம் பாதைக்கு மாறி, ஹுவாசிங்சியில் இறங்கி, அங்கிருந்து உள்ளூர் பஸ். போக மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் "சக்கரவர்த்தியின் நிலத்தடி அரண்மனையைக் காட்டுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். அந்த முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சமாதியை இதுவரை திறக்கவே இல்லை. அவர்கள் காட்டுவது சிமெண்டில் கட்டிய மாதிரி.

டிக்கெட் 120 யுவான் (மாறலாம்). பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே எடுக்க வேண்டும். போகும்போது அதே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் உதவாது.

உள்ளே போனதும் கூட்டம் மொத்தமும் 1-ஆம் குழிக்கு ஓடும். 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். முன்பக்கக் கம்பியருகே மூன்று வரிசை தலைகளுக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று திரும்பிவிடுவார்கள். அங்கே நிற்காமல் பக்கவாட்டு நடைபாதையில் பின்கோடி வரை நடங்கள். தலையில்லாத உடல்கள், துண்டு துண்டான கால்கள், ஒட்டி முடியாத வீரர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகளுக்குக் கிடைத்ததும் இப்படிப்பட்ட துண்டுகள்தான். குழியின் மரக்கூரை எரிந்து இடிந்து விழுந்ததில் சிலைகள் நொறுங்கிப் போயின. முன்வரிசையில் கம்பீரமாக நிற்பவர்கள் பிறகு ஒட்டி நிறுத்தப்பட்டவர்கள்.

2-ஆம் குழி இருட்டாக இருக்கும், பெரும்பகுதி தோண்டப்படவில்லை. "ஒண்ணுமே இல்லை" என்று வெளியேறுபவர்கள் சுவரோரக் கண்ணாடிப் பெட்டிகளைத் தவறவிடுகிறார்கள். முழங்காலிட்ட வில்லாளி ஒருவன் அங்கே இருக்கிறான். பின்னால் போய்க் குனிந்து அவன் செருப்பின் அடியைப் பாருங்கள். முன்பாதத்திலும் குதிகாலிலும் தையல் புள்ளிகள் நெருக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு. தேயும் இடம் எது என்று அந்தக் குயவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதுகுக் கவசக் கயிற்றில் பழைய சிவப்புச் சாயமும் ஒட்டியிருக்கும். மீதியை ஏன் தோண்டவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்தச் சிவப்புதான் பதில். சாயத்துக்கு அடியில் பூசிய அரக்குப் பூச்சு, ஈரமண்ணிலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களில் காய்ந்து சுருண்டு, சாயத்தோடு உரிந்துவிடும்.

3-ஆம் குழி சின்னது, படைத் தலைமையகம். பத்து நிமிடம். அதே டிக்கெட்டில் சமாதி மேடு இருக்கும் லிஷான் பூங்காவும் வெண்கல ரத அருங்காட்சியகமும் சேர்த்தி, போய்வர இலவச பஸ் உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. நிஜ ரதத்தில் பாதி அளவான இரண்டு வெண்கல ரதங்கள், ஒவ்வொன்றும் 3,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். களைப்பைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் நகரக் கோட்டைச்சுவர். மிங் அரச வம்சக் காலத்தது, 13.74 கிலோமீட்டர் சுற்று. தெற்கு வாசலில் ஏறி வாடகை சைக்கிள் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் முழுச் சுற்று முடியும். தரை முழுக்கக் கரடுமுரடான செங்கல். முதுகுவலிக்காரர்கள் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசல் வரை நடந்தால் போதும். மழை பெய்தால் சைக்கிள் தர மாட்டார்கள்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்தார் என்று பள்ளியில் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தவர்கள் நாம். அவர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன 657 நூல்களை வைக்க 652-இல் எழுப்பிய பெரிய காட்டுவாத்து கோபுரம் இதே சியானில்தான் நிற்கிறது. தமிழில் வரும் பயண வீடியோக்களில் அதன் எதிரே உள்ள நீரூற்று நடனம் மட்டும் இருபது நிமிடம் ஓடும், அவர் பெயர் ஒரு தடவை வராது. 704-இல் அதைத் திருப்பிக் கட்டினார்கள், இப்போது பார்ப்பது ஏழு அடுக்கு. 64 மீட்டர் உயரம், லேசாகச் சாய்வு. வளாகத்துக்கு ஒரு டிக்கெட், மேலே ஏற இன்னொன்று. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, கோபுரத்தின் தெற்கு வாசலின் இருபுறமும் உள்ள 653-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். தாங் பேரரசர்கள் இருவர் அவருடைய மொழிபெயர்ப்புகளைப் பாராட்டி எழுதியவை அவை.

இரண்டாம் நாள் காலையில் இந்தக் கோபுரத்தை முடித்துவிட்டு, விமான நிலையத்துக்குப் போகும்போது ஹான் யாங்லிங்கில் இறங்குங்கள். கி.மு. 141-இல் இறந்த பேரரசர் ஜிங்கின் சமாதி. நிலத்தடியில் கண்ணாடித் தரை மேல் நடந்து, காலுக்குக் கீழேயே குழிகளைப் பார்க்கலாம். பொம்மைகள் 60 சென்டிமீட்டர்தான், கைகளும் உடைகளும் இல்லாமல் நிற்கும். கை மரத்தில், உடை துணியில் செய்தது, இரண்டும் மக்கிப்போயின. பக்கத்தில் ஆடு, மாடு, பன்றி, நாய் என்று மண்ணில் ஒரு பண்ணையே வரிசை கட்டியிருக்கும். கூட்டம் குறைவு. இரண்டு மணி நேரம் ஒதுக்கி, டாக்சியை நிற்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். திரும்ப வண்டி பிடிப்பது கஷ்டம்.

ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இலவச முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை வேறு. கிடைக்கவில்லை என்றால் அலைய வேண்டாம். கோட்டைச்சுவரின் தெற்கு வாசலுக்கு உள்ளே இருக்கும் 'கல்வெட்டுக் காடு' என்ற அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 837-இல் 114 கற்களில் செதுக்கிய கன்பூசிய மூலநூல்கள் அங்கே இருக்கின்றன.