தள்ளுபடிக் காலத்தில் இணையக் கொள்முதல்: வாசகர் கேள்வி – பதில்

தீபாவளி நெருங்க நெருங்க, இணையத்தில் பொருள் வாங்குவது பற்றிய கடிதங்களே இப்பகுதிக்கு அதிகம் வருகின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 'சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை, 80 சதவீதத் தள்ளுபடி' என்று முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. வாட்ஸ்அப்பில் விசாரித்ததும் விலைப்பட்டியலையும் ஒரு க்யூஆர் கோடையும் அனுப்பினார்கள். 4,500 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் லாரி பார்சலில் பட்டாசு வந்து சேரும் என்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து கட்ட வேண்டாம். இணைய வணிகத் தளங்கள் எவையும் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கவோ விற்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பிலேயே தடை விதித்துவிட்டது. இப்படி விளம்பரம் செய்பவர் பொருளை அனுப்பும் எண்ணம் உள்ளவராகவே இருந்தாலும், பிரச்சினை வந்தால் நீங்கள் முறையிடுவதற்கு உறுதியான இடம் இருக்காது. எண்ணமே இல்லாதவராக இருந்தால், பணம் கைமாறிய மறு நிமிடம் உங்கள் எண்ணை முடக்கிவிட்டுப் போய்விடுவார். இத்தகைய போலிப் பட்டாசு விற்பனைத் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவும் எச்சரித்திருக்கிறது.

உங்களுக்கு வந்த க்யூஆர் கோடையே எடுத்துக்கொள்வோம். அதை ஸ்கேன் செய்ததும், தொகையை இடுவதற்கு முன்பாகவே, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்ற பெயர் திரையில் தெரியும். விளம்பரத்தில் ஏதோ 'டிரேடர்ஸ்' என்று இருக்க, திரையில் முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயர் வருமானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவசரத்தில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் பின் எண்ணை அழுத்திவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நம்மில் ஏராளம். யூபிஐ வழியாக நீங்களே பின் எண் இட்டு அனுப்பிய பணத்தை, பெற்றவரின் சம்மதமின்றி வங்கி தானாகவே திருப்பி எடுத்துத் தராது. வணிகத் தளத்தின் செயலிக்குள்ளேயே செலுத்திய பணத்துக்கோ ஆர்டர் எண் உண்டு, திருப்பி அனுப்பும் முறை உண்டு, புகாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் உண்டு. ஆகவே எந்தத் தள்ளுபடியானாலும் விலையைப் பார்ப்பதற்கு முன், பணம் எந்த வழியில் போகிறது, தகராறு என்றால் அதே வழியில் திரும்பி வருமா என்பதைப் பாருங்கள்.

இணைய முகவரியின் ஓரத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் செல்லும் தகவலை வேறொருவர் படிக்க முடியாது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பட்டாசை உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் பெரிய தளம் ஒன்றில் 18,000 ரூபாய்க்கு வாங்கிய கைபேசியின் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே பழைய கைபேசி ஒன்று இருந்தது. 'சரியான பொருளையே அனுப்பினோம்' என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர்கள் முடித்துவிட்டதாகச் சொல்வதால் உங்கள் உரிமை முடிந்துவிடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். குறைபாடுள்ள, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கவும் முடியாது. எனவே வாடிக்கையாளர் சேவையில் பேசுகிறவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, அந்த அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ, பில்லில் ஒன்றாகவும் பெட்டிக்குள் இருந்த கைபேசியில் வேறாகவும் இருந்தால், அதைவிட நல்ல சான்று கிடையாது. கைபேசியில் *#06# என்று அழுத்தினால் அதன் ஐஎம்இஐ எண் தெரியும். திரையைப் படமெடுத்து இணையுங்கள்.

அதிலும் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரிலோ தில்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இவ்வளவு எளிதான ஒரு வழி இருப்பது தெரியாமல், ஆயிரக்கணக்கில் பணத்தை இழந்தவர்கள் 'நம் தலையெழுத்து' என்று விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அடுத்த முறை விலையுயர்ந்த பொருள் எதை வாங்கினாலும், கொண்டுவருபவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்துப் பெறும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்; பார்த்து முடிக்கும் வரை டெலிவரிக்கான ஓடிபியைச் சொல்லாதீர்கள். அந்த வசதி இல்லையென்றால், பிரிக்காத பெட்டியின் ஆறு பக்கங்களையும், முகவரிச் சீட்டையும், ஒட்டு நாடா கிழிந்து மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் காட்டிவிட்டு, இடையில் நிறுத்தாமல் பிரித்து முடிக்கும் வரை ஒரே காணொளியாகப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் வெளியே போயிருந்தபோது என் பெயருக்கு 599 ரூபாய் கேஷ் ஆன் டெலிவரி பார்சல் ஒன்று வந்து, மாமியார் பணம் கொடுத்து வாங்கிவிட்டார். நான் எதையும் ஆர்டர் செய்யவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தள்ளுபடிக் காலத்தில் எந்த வீட்டிலும் யாராவது எதையாவது ஆர்டர் செய்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நடத்தப்படும் மோசடி இது. தொகை சிறியது என்பதால் பலர் புகார் செய்வதில்லை. பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துப் போடாமல், அதில் உள்ள அனுப்புநர் விவரத்தோடு கூரியர் நிறுவனத்திடமும் 1915 எண்ணிலும் புகார் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம், ஆர்டர் செய்தவரைக் கைபேசியில் அழைத்துக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். 'முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பில் திருத்துங்கள்' என்று அஞ்சல் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்தியும் இதே ரகம்தான்; அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: 'இன்னும் 2 மட்டுமே உள்ளன', 'சலுகை 9 நிமிடத்தில் முடிகிறது' என்றெல்லாம் தளங்களில் காட்டுகிறார்களே, அவை உண்மைதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சில நேரம் உண்மை, சில நேரம் வெறும் நெருக்கடி. பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் திறந்ததும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கினால், அது எதைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். இல்லாத அவசரத்தைக் காட்டுவது, நீங்கள் சேர்க்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் மட்டும் கூடுதல் கட்டணத்தை வெளிக்காட்டுவது போன்ற 13 உத்திகளை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. பணம் செலுத்தும் முன் இறுதித் தொகையை ஒவ்வொரு வரியாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி: புடவை ஒன்றைத் திருப்பி அனுப்பியதற்குப் பணம் வராததால், இணையத்தில் தேடிக் கிடைத்த வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். பேசியவர் ஒரு செயலியை நிறுவச் சொன்னார். சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: நேரம்தான் இதில் எல்லாம். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் உடனடியாக வங்கிகளுக்குப் போவதால், மோசடிக்காரர் எடுப்பதற்குள் பணத்தை அவருடைய கணக்கிலேயே நிறுத்தி வைக்க முடிகிறது. அவர் அதை வேறு கணக்குகளுக்குச் சிதறடித்துவிட்டால் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். நீங்கள் இன்னும் அழைக்கவில்லை என்றால், தாமதமாகிவிட்டது என்று நினைக்காமல் இப்போதே அழைத்து, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியைச் சேரும். இருவர் தவறும் இல்லாமல் வெளியிலிருந்து நேர்ந்த ஊடுருவல் என்றால், பணம் போனது பற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அந்தச் செயலி உங்கள் திரையை அவருக்குக் காட்டும் வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். கடவுச்சொற்களையும் பின் எண்ணையும் வேறொரு கருவியில் மாற்றுங்கள். புடவைக்கு வர வேண்டிய பணத்தைத் தளத்தின் செயலிக்குள் உள்ள உதவிப் பகுதியிலேயே கேளுங்கள். பணம் பெறுவதற்கு ஓடிபியும் பின் எண்ணும் ஒருபோதும் தேவைப்படுவதில்லை. இன்னும் சில நாள்களில் 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், செயல்பாட்டுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று காவல்துறையின் பெயரிலோ வங்கியின் பெயரிலோ அழைப்பு வரக்கூடும். அவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல், அந்த எண்ணையும் உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.