காவிரி உண்மையில் எங்கே தொடங்குகிறது?

கேள்வி: தலைக்காவிரிக்குப் போய்வந்தேன். ஒரு சின்னத் தொட்டியும் அதன் முன்னால் ஒரு குளமும்தான் இருக்கின்றன. அங்கிருந்து ஆறு எதுவும் ஓடவில்லை. அப்படியானால் காவிரி எங்கே தொடங்குகிறது? ஒன்றின் தொடக்கம் இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பதில்:

2024 ஜூலையில் நானும் அதே குளத்தின் முன்னால் நின்று இதையேதான் யோசித்தேன். ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஆற்றின் மறு முனையிலிருந்து. பேராவூரணி வட்டாரத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அதைக் கால்வாய் என்று எங்கள் பக்கம் சொல்வதில்லை, புதாறு என்போம்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் உங்கள் கேள்வியைக் கேட்டால், குடகு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்வார். ஆனால் வருஷா வருஷம் அவருக்கு ஆறு தொடங்குவது மேட்டூரில்தான். மே மாதக் கடைசியில் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. மேட்டூரில் எத்தனை அடி? குடகில், வயநாட்டில் மழையாமே? பன்னிரண்டாம் தேதி திறப்பார்களா? அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம். ஜூன் 12 அன்று மதகைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு என்று பிரிந்து, புதாற்றில் விட்டது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர அப்புறமும் பல நாள் ஆகும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அய்யாவோடு முதல் தண்ணீர் பார்க்கப் போவேன். அப்பாவின் அப்பாவை நாங்கள் அய்யா என்போம். தண்ணீர் தஞ்சாவூர் தாண்டிவிட்டது, பட்டுக்கோட்டை வந்துவிட்டது என்று ஆள் மாற்றி ஆள் செய்தி வரும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யா வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். கோடையில் அந்த வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போகும்.

வருகிற தண்ணீர் முதலில் தண்ணீர் மாதிரியே இருக்காது. பழுப்பு நிறத்தில் ஒரு நுரை நாக்கு. அது தள்ளிக்கொண்டு வரும் வைக்கோல், வேப்பஞ்சருகு, ஒற்றைச் செருப்பு. நான் நடக்கிற வேகம்கூட அதற்குக் கிடையாது. ஒரு குழி வந்தால் நின்றுவிடும். குழி நிறைகிற வரைக்கும் நின்று, பிறகு உதட்டில் வழிவதுபோல வழிந்து அடுத்த அடி எடுத்து வைக்கும். வெடிப்புகளுக்குள் இறங்கும்போது சரசரவென்று ஒரு சத்தமும் கூடவே கொப்பளங்களும் வரும். அதற்கு முன்னால் எறும்பு, பூரான், பாச்சை, அரணை எல்லாம் ஓடும். அவற்றைப் பிடிக்க மைனாவும் கொக்கும் கரையோடு கூடவே வரும். பறவைகள் தாழப் பறப்பதைப் பார்த்தே தண்ணீர் எந்த வளைவில் இருக்கிறது என்று அய்யா சொல்லிவிடுவார். கிட்டே வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, அந்த நுரையில் இரண்டு விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொள்வார். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்.

அந்த வயதில் என்னிடம் காவிரி எங்கே தொடங்குகிறது என்று கேட்டிருந்தால், அந்த நுரையின் நுனியைத்தான் காட்டியிருப்பேன்.

சரி, தலைக்காவிரிக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,276 மீட்டர் உயரத்தில், பிரம்மகிரி மலைச் சரிவில் இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணத்தன்று, கணித்துச் சொன்ன வேளையில், அந்தச் சின்னத் தொட்டியில் தண்ணீர் பொங்கும் என்று குடகு மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி நிற்பார்கள். அவர்களுக்குக் காவிரி குலதெய்வத்துக்கும் மேல். மற்ற நாட்களில் அந்தக் குளத்திலிருந்து ஆறு ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிலத்துக்கு அடியில் போய்க் கீழே எங்கோ வெளிவருவதாகச் சொல்கிறார்கள். எட்டு கிலோமீட்டர் கீழே பாகமண்டலத்தில் கன்னிகை என்ற சிற்றாறு வந்து சேர்கிறது. அங்கேதான் கண்ணால் பார்த்து ஆறு என்று சொல்ல முடிகிறது.

நீங்கள் போனது மழையில்லாத மாதமாக இருக்க வேண்டும். நான் போனபோது நிலைமை நேர்மாறு. குடையைப் பிடிக்க முடியாத மழை. பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சாலையோரக் கல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் கொட்டியது. புல் ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் சொட்டியது. அந்தச் சொட்டுகள் சேர்ந்து விரல் அகல ஓடையாகி, படிக்கட்டின் ஓரத்தில் இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. எதைக் காட்டி இதுதான் ஆரம்பம் என்பது? மலை முழுவதுமே தொடங்கிக்கொண்டிருந்தது. அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழுகிற மழை பயஸ்வினி ஆறாகிக் கேரளத்தின் காசர்கோடு பக்கம் போய் அரபிக்கடலில் சேர்ந்துவிடுகிறது. காற்று கொஞ்சம் திசை மாறினால் அடுத்த துளி காவிரி ஆகாது.

புவியியலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து அளந்துகொண்டே போய், கிளைகளில் நீளமானது எதுவோ, அல்லது அதிகத் தண்ணீர் கொண்டுவருவது எதுவோ, அதன் உச்சியை மூலம் என்பார்கள். ஆனால் மக்கள் ஆற்றுக்குப் பேர் வைக்கும்போது யாரும் அளந்து பார்த்து வைக்கவில்லை. கங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலக்நந்தாவில்தான் தண்ணீர் அதிகம், ஆனால் கங்கை பிறக்கும் இடம் என்று ஊர் உலகம் கும்பிடுவது பாகீரதியின் கோமுகத்தை. அவ்விரண்டும் தேவப்பிரயாகையில் சேர்ந்த பிறகுதான் கங்கை என்ற பெயரே தொடங்குகிறது.

காவிரியிலும் அப்படித்தான். அதன் வடிநிலம் 81 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சிக்கமகளூர் மலையிலிருந்து ஹேமாவதி வருகிறது, வயநாட்டிலிருந்து கபினி வருகிறது. மேட்டூருக்குக் கீழே நீலகிரித் தண்ணீரோடு பவானியும், ஆனைமலைத் தண்ணீரோடு அமராவதியும் சேர்கின்றன. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் சீக்கிரம் நிறைவது கபினி அணைதான். அது சிறியது. அதனால் பல வருஷங்களில் மேட்டூருக்கு முதலில் வந்து சேர்கிற புதுத் தண்ணீர், தலைக்காவிரியைப் பார்த்தே இராத வயநாட்டு மழை. எங்கள் ஊர் டீக்கடையில் வயநாட்டு வானிலையை அவ்வளவு அக்கறையோடு கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் தலைக்காவிரி பொய்யா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தப் பெயரிலேயே இருக்கிறது, தலை. மூலம் வேறு, தலை வேறு. தலைமடை, தலைவாசல், தலைச்சன் பிள்ளை என்று எத்தனை இடத்தில் சொல்கிறோம்! எதிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ அது தலை. ஒரு மலை முழுக்கக் கசிகிற தண்ணீரைக் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று குடகு மக்கள் ஒரு தொட்டியைத் தலையாக வைத்தார்கள். அதை மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

தொடக்கத்துக்குத் தமிழில் இருக்கிற சொற்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும். முதல் என்றால் முன்னால் வருவது. மரத்தின் அடிப்பாகத்துக்கும் பழைய தமிழில் அதே சொல்தான். வியாபாரத்தில் போடுகிற பணமும் முதல்தான். தோற்றம் என்றால் பிறப்பு, கண்ணுக்குப் படுகிற வடிவமும் தோற்றம். நிலம் வாங்குகிறவர் கேட்பது மூலப்பத்திரம். இந்தச் சொல்லை நான் நன்றாகப் புரிந்துகொண்டது எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்துதான்.

சில வருஷங்களுக்கு முன் பாகப்பிரிவினைக்காக அப்பா மூலப்பத்திரத்தை வெளியே எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய தாள். அதில் எங்கள் நிலம் புஞ்சை என்று இருந்தது. நான்கு பக்க எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில் கிழக்கே கள்ளிவேலி. அடுத்த தலைமுறைப் பத்திரத்தை எடுத்தோம். அதே நிலம், அதே பரப்பு. ஆனால் நஞ்சை. கிழக்கே வாய்க்கால். இரண்டு தாளுக்கும் நடுவில் ஓர் ஆறு பிறந்திருந்தது.

விஷயம் என்னவென்றால், எங்கள் புதாறு மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. அணை கட்டி முடித்தது 1934-இல். அதற்கு முன் எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்தால் நெல், இல்லையென்றால் வரகும் கேழ்வரகும்தான். அய்யாவுக்கு எட்டு வயதில்தான் எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் முதன்முதலாக வந்தது. எட்டு வயதுப் பையனாகக் கரையில் நின்று பார்த்ததைத்தான் ஒவ்வொரு வருஷமும் மறுபடி பார்க்கப் போயிருக்கிறார் என்பது, அவர் போன பிறகு அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த ஆற்றின் கரையில் எங்கள் பெண்கள் ஆடிப்பெருக்குக் கும்பிடுவதைப் பார்த்தால் சோழர் காலத்திலிருந்து இங்கேயே ஓடுவதாக நினைப்பீர்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி விட்டு, காப்பரிசி படைத்து, ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். ஆற்றுக்கு வயது நூறு ஆகவில்லை. கும்பிடுவதோ மிகப் பழையது. எது தொடக்கம், ஆறா, கும்பிடுவதா? இரண்டும் வேறு வேறு இடத்தில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்துகொண்டன என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, காலத்தையும் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வதே நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கிற தண்ணீர் பெரும்பாலும் போன வருஷத்து மழை, அணையில் காத்துக் கிடந்தது. 2022-இல் அணையில் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஆகவே அந்த வருஷம் எங்களுக்கு வந்தது, அந்த வருஷமே குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. நான் நனைந்த மழையும் அதில் எங்கோ இருந்திருக்கும்.

அந்தப் பயணத்திலிருந்து அப்பத்தாவுக்கு ஒரு பாட்டிலில் தலைக்காவிரித் தீர்த்தம் கொண்டுவந்தேன். அப்பத்தாவுக்கு அப்போது 88 வயது. பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆத்துல தண்ணி வந்துருச்சாப்பா?" என்று கேட்டார்.

"இன்னும் மேட்டூரே திறக்கல, அப்பத்தா."

"அப்ப இது முன்னாடியே வந்துருச்சு" என்று சொல்லி சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குள் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அடிபம்பில் அடித்த தண்ணீரைக் குடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். பாட்டிலை அப்பத்தா அப்போதும் எடுக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று அப்பா வந்து சொன்ன அன்று, சம்பாவுக்கு விதைநெல் ஊறப்போட அண்டாவை எடுத்து வைக்கச் சொன்னார் அப்பத்தா. வாய்க்கால் தண்ணீரில் இரண்டு குடம் ஊற்றினோம். பிறகு பாட்டிலைத் திறந்து அதையும் அண்டாவில் ஊற்றி, கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கி, மிதந்த பதரைத் தானே அரித்து எடுத்தார். மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூட்டம் வைத்தோம். அதற்கடுத்த நாள் சாக்கைப் பிரித்தபோது உள்ளே கை பொறுக்காத சூடு. நெல் ஒவ்வொன்றின் மூக்கிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.