சொந்த வண்டியில் ஆப்பிரிக்காவைக் கடப்பவர்களிடம் எல்லையில் கேட்கும் ‘கார்னே’ என்பது என்ன?

வண்டிக்கான சுங்க உத்தரவாதப் புத்தகம். வரி கட்டாமல் வண்டியைக் கொண்டுவந்து விற்றுவிடுவார்களோ என்பதுதான் அந்தந்த நாட்டின் கவலை. எகிப்து இதில் ரொம்பக் கறார். அதனால் உங்கள் நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கிறது. வாடகைப் பாத்திரக் கடை அட்வான்ஸ் மாதிரி: அண்டா திரும்பினால் பணமும் திரும்பும்.

ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு பக்கம், அதில் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும். கோளாறு பெரும்பாலும் வெளியேறும் முத்திரையில்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். சுங்கத்துக்கு வேறு ஜன்னல். அது விடுபட்டால் வண்டி இன்னும் உள்ளே இருப்பதாகவே கணக்கு, டெபாசிட் மாட்டிக்கொள்ளும்.

கார்னே இருந்தால் விசா வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது வண்டிக்கு மட்டும், ஆளுக்கு விசா தனியாக வாங்க வேண்டும்.