14 வயதுப் பூனை தாவ மறுக்கிறது: வயதா, வலியா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது. ஒரே தாவில் அலமாரி உச்சிக்குப் போன பூனை, சில மாதங்களாகக் கட்டிலில் ஏறவே யோசிக்கிறது. லிட்டர் டிரேவை (அதன் கழிப்பிடமான மணல் தட்டை) ஒட்டி, தரையில் சிறுநீர் கழிக்கிறது. இடுப்பருகே தடவினால் சீறுகிறது. ஆனால் நொண்டவில்லை, சாப்பாட்டிலும் குறைவில்லை. வயதானால் இப்படித்தானா? மூட்டுவலி என்றால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கூடவே கூடாது. கால் மாத்திரையும் வேண்டாம், குழந்தைகளுக்கான சிரப்பும் வேண்டாம். நம் கல்லீரல் பாராசிட்டமாலைப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. தேங்கும் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்குக்கும் இதே தடைதான். உங்கள் முழங்காலில் தடவும் வலி நிவாரணக் களிம்பும் ஆபத்து: பூனை வந்து உரசும், பிறகு தன் ரோமத்தை நக்கும். இப்படி ஃப்ளர்பிப்ரோஃபென் களிம்பால் பூனைகள் இறந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரிக்கையே விட்டது.

இனி, வயதா வலியா என்பது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மூட்டுத் தேய்மானத்தின் மீதுதான் சந்தேகம். நொண்டவில்லை என்பதை வைத்து அதை ஒதுக்க முடியாது. பூனைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு இடுப்பு மூட்டுகளும், அல்லது இரண்டு முழங்கைகளும் சேர்ந்தே தேய்கின்றன. இரண்டு பக்கமும் வலித்தால் எந்தக் காலைத் தூக்கி நடப்பது? நொண்டுவதற்குப் பதிலாக, செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடும். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் எல்லாமே வலிக்கும் என்றில்லை. அதனால் நடத்தையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

கட்டிலில் ஏறும்போது பின்னங்காலால் உந்தித் தாவுகிறதா, முன்னங்காலால் விரிப்பைப் பற்றித் தன்னை இழுத்துக்கொள்கிறதா? இறங்கும்போது முன்பாதத்தைக் கட்டிலின் பக்கவாட்டில் நீளமாகச் சரியவிட்டு, பிறகு தொப்பென்று விழுகிறதா? வாலுக்கு மேலே ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறதா? அங்கே நக்கி விட உடம்பை வளைக்க வேண்டும். வலிக்கிற பூனை வளையாது. இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் மேசையில் பயத்தில் உறைந்து உட்காரும் பூனையிடம் ஒன்றும் பிடிபடாது.

டிரேவுக்கு வெளியே சிறுநீர் கழிப்பதைப் பழிவாங்கல் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். முதலில் சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தொற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இந்த வயதில் இவை மூட்டுவலியோடு சேர்ந்தே இருக்கக்கூடும். பிறகு டிரேவைப் பாருங்கள். விளிம்பு எவ்வளவு உயரம்? இடுப்பு வலிக்கும் பூனைக்கு அது ஒரு மதில். ஒரு பக்கத்தை, பூனை காலைத் தூக்காமலே நுழையும் அளவுக்குத் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுங்கவிடுங்கள். மூடி போட்ட டிரே என்றால் மூடியை எடுத்துவிடுங்கள். உள்ளே நின்று முழுதாகத் திரும்ப இடம் வேண்டும். பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பருக்கைகளைவிட நைசான மணல் பாதத்துக்கு இதம். மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒரு டிரே. சோறு, தண்ணீர், படுக்கை எதற்கும் படியேற வைக்காதீர்கள். கட்டிலருகே வழுக்காத படியோ சரிவுப் பலகையோ வையுங்கள்.

எடை கூடியிருந்தால் குறைத்தே ஆக வேண்டும், ஆனால் பட்டினி போட்டு அல்ல. குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் அது வேறு கதை. தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூட்டுவலிக்கு மருந்துகள் உண்டு. மெலாக்ஸிகாம், ரோபெனகாக்சிப் இரண்டும் பூனைகளுக்குப் பயன்படுபவை. சிறுநீரகத்தின் நிலை தெரிந்த பிறகு, எடைக்கேற்ற மிகக் குறைந்த அளவில், இடையிடையே ரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டும். பூனை சாப்பிடாத நாளில் தராமல் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது. மாதம் ஒருமுறை போடும் ஃப்ரூனெவெட்மாப் ஊசி 2021-இல் ஐரோப்பாவிலும் 2022-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குளுக்கோசமைன் மாத்திரைகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மீன் எண்ணெயின் ஒமேகா 3 ஓரளவு உதவலாம்.

நகத்தை மறந்துவிடாதீர்கள். கீறுவதைக் குறைத்துக்கொண்ட பூனையின் நகம் தடித்து, வளைந்து, பாத மெத்தைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு விரலையும் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத இரண்டு. பூனை டிரேயில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், அதிலும் ஆண் பூனை என்றால், அடைப்பாக இருக்கலாம். திடீரென்று கத்தியபடி பின்னங்கால்களை இழுத்து, அந்தப் பாதங்கள் சில்லிட்டு வெளிறியிருந்தால், அது மூட்டுவலி அல்ல. ரத்தக்கட்டி தமனியை அடைத்திருக்கக்கூடும். இரண்டுக்குமே நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.