விட்டமா, ஆரமா? உருளை ஆன்டெனா கேள்வி பதில்

கேள்வி: அரை அலை டைபோலுக்கு (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் மின்சாரம் ஊட்டும் கம்பி ஆன்டெனா) 73 ஓம் மின்தடை சரி. கூடவே வரும் 42.5 ஓம் ரியாக்டன்ஸ் (ஆற்றலை அலையாக அனுப்பாமல் திருப்பித் தரும் எதிர்ப்பு) எதற்கு?

பதில்: மின்னோட்டம் சைன் வளைவாகப் பாய்கிறது என்று வைத்துக்கொண்டு, தடிமனே இல்லாத கம்பிக்குப் போட்ட கணக்கு அது. அந்த 42.5ஐப் போக்கத்தான் கம்பியைச் சற்று நறுக்குகிறோம்.

கேள்வி: எவ்வளவு நறுக்குவது?

பதில்: நீளத்தை விட்டத்தால் வகுங்கள். 5000 வந்தால் சுமார் 2 சதவீதம், 50 வந்தால் 5, 10 வந்தால் 9. விட்டம், ஆரம் அல்ல!

கேள்வி: ஆன்டெனா கம்பியில் மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் ஹாலேன் சமன்பாட்டில் வரும் ஒமேகா என்பது என்ன?

பதில்: முழு நீளத்தை ஆரத்தால் (ஆம், இங்கே ஆரம்தான்) வகுத்து, இயல் மடக்கை எடுத்து, இரட்டிப்பாக்குங்கள். 10.4 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 18.5. பத்து மடங்கு பருமனாக்கினாலும் 4.6தான் குறையும். 1938இல் சுவீடனின் ஹாலேன் இந்த ஒமேகாவின் தலைகீழியின் (1/ஒமேகா) அடுக்குகளாகத்தான் விடையை விரித்தார். அந்தத் தொடர் மெதுவாகவே ஒருங்கும். ஹார்வர்டில் ரொனால்ட் கிங்கும் அவருடைய மாணவர்களும் அதைச் சீர்செய்யவே ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

கேள்வி: டிஷ் ஆன்டெனாவுக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது.

கேள்வி: 12 மில்லிமீட்டர் குழாயில் 1 மீட்டர் டைபோல். கணினியில் 400 துண்டுகளாகப் பிரித்தேன். மின்னோட்டம் ரம்பப் பல் போல ஆடுகிறது. துண்டுகளைக் கூட்டினால் துல்லியம் கூட வேண்டாமா?

பதில்: உங்கள் துண்டு 2.5 மில்லிமீட்டர், குழாயின் ஆரம் 6. துண்டு ஆரத்தைப் போல எட்டு மடங்காவது இருக்கட்டும். இருபது துண்டு போதும். மெல்லிய கம்பிக்கான கணக்கில் மின்னோட்டத்தைக் குழாயின் நடு அச்சில் வைத்து, அது உண்டாக்கும் மின்புலத்தைக் குழாயின் பரப்பில் பார்க்கிறோம். இரண்டுக்கும் இடையே தூரம் ஒருபோதும் ஆரத்துக்குக் கீழே போகாது. ஆகவே சமன்பாட்டில் மின்னோட்டம் வரும் இடப்பக்கம் எப்போதும் வழவழப்பாகவே இருக்கும். வலப்பக்கத்திலோ, மின்சாரம் ஊட்டும் இடத்தில் ஒரு கூர்முனை நிற்கிறது. வழவழப்பு எப்படிக் கூர்முனையாகும்? அந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது. இல்லாத விடையைக் கூர்ந்து தேடினால் கணினி ஆடத்தான் செய்யும்.

மறுப்பு: அப்படியானால் மின்னோட்டத்தை அச்சில் வைக்காமல், குழாயின் பரப்பு முழுவதையும் சுற்றித் தொகையிட்டால் தீர்ந்ததே!

பதில்: விடை கிடைக்கும். ஆனால் ஊட்டும் இடைவெளியின் அகலம் சுழி என்று வைத்தால், அங்கே மின்னோட்டம் மடக்கைபோல முடிவிலிக்கு ஏறும். இடைவெளிக்கு உண்மையான அகலம் கொடுங்கள். கோளாறு நம் மாதிரியில்தான். குழாய் ஒரு பாவமும் அறியாது.

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு நறுக்குவது?

பதில்: இரண்டாம் கேள்வியைப் படியுங்கள். பிறகு குழாயை அளந்து எழுதுங்கள், விட்டமா ஆரமா என்பதையும் சேர்த்து.