'ககி' என்பது சாவியா, பழமா? ஜப்பானிய மொழி கேள்வி பதில்

கேள்வி: தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய இலக்கணம் எளிது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவுக்கு உண்மை. வினை இறுதியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்லும் அதே வரிசையில் அவர்களும் சொல்கிறார்கள். இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது வினையெச்சம்தான். 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. அதனோடு பார்த்தலைக் குறிக்கும் 'மிரு' சேர்ந்தால் 'சாப்பிட்டுப் பார்' என்ற அதே பொருள் கிடைக்கிறது. 'கைதெ' என்னும் 'எழுதி'யோடு, வைத்தலைக் குறிக்கும் 'ஒகு' சேர்ந்தால் 'எழுதி வை'. ஆங்கில வழிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த அமைப்பு நமக்கு வீட்டுப் பேச்சு. ஆகவே குறிப்பேட்டில் ஆங்கிலப் பொருளுக்குப் பதிலாகத் தமிழ்த் தொடரை எழுதி வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் இரு மொழிகளும் உறவுடையவையா?

பதில்: சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய அறிஞர் அவ்வாறு வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உயிருள்ளவை இருப்பதைக் குறிக்கும் ஜப்பானிய வினையும் 'இரு'தான் என்பதைக் கண்டு மகிழலாம், ஆனால் அதைக்கொண்டு உறவை நிறுவ முடியாது.

கேள்வி: 'வ', 'க' ஆகிய இரண்டு உருபுகளையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: 'வ' எதைப் பற்றிய பேச்சு என்பதைக் காட்டும், 'க' எழுவாயைச் சுட்டும். உறுதியாகப் பிடித்துக்கொள்ளத்தக்க ஒரு விதி உண்டு: 'யார்', 'எது' போன்ற வினாச்சொல் எழுவாயாக வரும்போது அதை அடுத்து 'வ' வராது, 'க'தான் வரும், விடையிலும் 'க'வே வரும். 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதை 'வதஷி வ சகன க சுகி தெசு' என்கிறார்கள். இங்கே பலர் ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு மீனுக்கு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்துவிடுகிறார்கள். தமிழிலும் அந்த இடத்தில் மீனுக்கு 'ஐ' இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் தவறு நேராது.

கேள்வி: தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடங்கள் உண்டா?

பதில்: உண்டு. 'அறையில் இருக்கிறேன்', 'அறையில் படிக்கிறேன்' இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்'. அவர்களுக்கு இருப்பதற்கு 'நி', செயல் நிகழ்வதற்கு 'தெ'. மேலும் 'இகிமசு' என்னும் ஒரே வடிவம் போகிறேன், போகிறாய், போகிறார்கள் அனைத்துக்கும் பொதுவானது. யார் என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய வேண்டும்.

கேள்வி: ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா?

பதில்: கூடாது; இங்கே வேறு வழியின்றி நானே அதைச் செய்துகொண்டிருக்கிறேன். மேலே கண்ட எழுவாய் உருபின் ககரம் 'தங்கம்' என்பதில் வரும் மெல்லொலி. தொடரின் இறுதியில் நம் 'ஆ'வைப்போல் நின்று அதைக் கேள்வியாக்கும் உருபின் ககரம் 'கடல்' என்பதன் வல்லொலி. தமிழில் எழுதினால் இரண்டும் 'க'. அதுபோல் ஒரு பழத்தின் பெயரும் சாவியின் பெயரும் 'ககி' என்றே நிற்கும். பழத்தின் பெயரில் இரண்டாம் ககரமும் வல்லொலியாகவே இருக்க வேண்டும். இரு உயிர்களுக்கு நடுவே வல்லினத்தை மெலிந்து ஒலிக்கும் நம் நாக்கோ அதைச் சாவியாக்கிவிடும். முதல் இரண்டு வாரங்களில் ஜப்பானியரின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானாவின் 46 எழுத்துகளையும் கற்றுவிடுங்கள்.

கேள்வி: படித்தால் புரிகிறது, கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. காது பழக என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் காதின் பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு உடனே கேட்கும். 'தெசு' என்பதன் ஈற்று உகரம் ஏறக்குறைய மறைந்து 'தெஸ்' என்று ஒலிப்பதும், குற்றியலுகரம் அறிந்தவருக்குப் புதிதன்று. ஆனால் மாத்திரைக் கணக்கு வேறு: நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை, அவர்களுக்கோ 'கித்தெ' என்பதன் ஒற்றும் முழு அளவு நிற்கும், ஆகவே அது மூன்று தட்டு. அந்த ஒரு தட்டை விட்டால் 'வெட்டி' என்பது 'வந்து' என்று மாறிவிடும்.

அடுத்த தடை பேச்சுச் சுருக்கம். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பது நம் வாயில் 'சாப்ட்டுட்டேன்' ஆவதுபோல், 'தபெதெ ஷிமத்த' என்பது 'தபெச்சத்த' ஆகிறது. பாடநூல் வடிவத்துக்காகக் காத்திருக்கும் காதுக்கு இது வேறு சொல்லாகவே படும். இதற்கு நான் நம்பும் பயிற்சி ஒன்றுதான்: எழுத்து வடிவமும் உள்ள அரை நிமிட உரையாடலை எடுத்து, எழுத்தைப் பாராமல் கேட்டு, கேட்டதை ஹிரகானாவில் எழுதி, பிறகு ஒப்பிட்டு, பிழைத்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, இறுதியில் பேசுபவரோடு சேர்ந்து சொல்லுங்கள். பின்னணியில் நாடகத்தை ஓடவிட்டு வேறு வேலை செய்வதைப் பயிற்சி என்று நான் எண்ணுவதில்லை.

கேள்வி: ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5இல் கேட்டலைத் தவிர்த்து மற்றவற்றில் மதிப்பெண் எடுத்துத் தேறலாமா?

பதில்: முடியாது. மொத்தம் 180க்கு 80 எடுத்தாலும், கேட்டல் பகுதியின் 60இல் 19 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள். ஆகவே வீட்டில் மாதிரித்தாளைச் செய்யும்போது நிறுத்திக் கேட்காதீர்கள்.